எல்லா ஊருக்கும் பந்து போட்டவன்

இளவரசு என்ன வேலை பார்க்கிறான் என்று அவன் அம்மா மாரியம்மாளைக் கேட்டால், "பந்து போடப் போவான்" என்பாள். பொய்யில்லை. வீராணம் ஏரிக்கரையில் பஸ் ஏறி, சிதம்பரம், கடலூர், காடாம்புலியூர் என்று டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் நடக்கிற ஊருக்கெல்லாம் கூலிக்குப் பந்து வீசப் போனவன் அவன். 2004இல் தொடங்கினான். எந்த ஊர் கூப்பிட்டதோ அந்த ஊர் பனியனைப் போட்டுக்கொள்வான், ஜெயித்துக் கொடுப்பான்.

அதற்கென்று ஒரு முறை உண்டு. ஆட்டம் முடிந்ததும் கேப்டன் தனியே அழைத்துக் கையில் கவரைத் திணிப்பார். கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது கூலிக்கு வந்தவன் ஓரமாக நின்றுகொள்வான். டீம்காரர்கள் ஆட்டம்பாட்டமாய் ஊருக்கு வண்டி ஏறுவார்கள். இவன் பஸ் ஸ்டாண்டில் தனியாகப் பரோட்டா தின்பான். வீடு வந்தால் அம்மா கேட்பாள்: "இன்னிக்கு எந்த ஊருக்குப் போட்ட?"

அவன் ஆசை ஒன்றே ஒன்று. சொந்த ஊர் பனியனில் ஒரு ஆட்டம்.

ஊர் டீமின் கேப்டன் சபாபதி கூடப் படித்தவன்தான். 2006இல் காடாம்புலியூருக்காகச் சொந்த ஊருக்கு எதிராகப் பந்து போட்டு, அதே சபாபதியின் நடு ஸ்டம்பைப் பிடுங்கினான் இளவரசு. பிழைப்பு என்று இவன் நினைத்தான். ஊர் என்ன நினைத்தது என்று யாரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு வருஷா வருஷம் ஊர் டீம் ஆடுகிற காணும் பொங்கலன்று வெளியூர் ஆட்டங்களை மறுத்துவிட்டு வீட்டில் காத்திருந்தான். ஊர்க்காரர்கள் வாசல் வழியாகவே மைதானத்துக்குப் போனார்கள். அவர்களும் கூப்பிடவில்லை, இவனும் போய்க் கேட்கவில்லை. வீம்புதான், வேறென்ன.

2011க்குள் தோள்பட்டை போய்விட்டது. தலை வாருவதற்கே இடது கை. வெளியூர்கள் மறந்துவிட, அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அந்தப் பொங்கலுக்கு மில் வாசலில் சபாபதியின் பைக் வந்து நின்றது.

"மச்சான், நாளைக்குக் காட்டுமன்னார்கோயில்ல ஃபைனலு. எங்க பவுலருக்குக் கால் பெரண்டுபோச்சி. நீ வரணும்."

தோள் வலியைப் பற்றி இளவரசு மூச்சு விடவில்லை.

கடைசி ஓவரில் எதிரணிக்கு ஏழு ரன் வேண்டியிருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாலு ரன்தான் கொடுத்தான். பையன்கள் அவனைத் தூக்கிச் சுற்றினார்கள். இந்தப் போட்டோவில் நடுவில் நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

சபாபதி அவனைத் தனியே அழைத்தான். கையில் கவர்.

"இது எதுக்கு மச்சான்?"

"எல்லாரும் ஒனக்குக் குடுக்குறதுதான. நம்மூருன்னு சும்மா வாங்கிக்க முடியுமா ஒன் ஒழப்ப? கம்மியா இருந்தா சொல்லு, தப்பா நெனைக்காத."

சபாபதியின் முகத்தில் கேலி இல்லை, பழைய கோபமும் இல்லை. மரியாதையாகத்தான் கொடுத்தான். அதைத்தான் இளவரசுவால் தாங்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடச் சொந்தக்காரனாக நின்றிருப்பான். வலது கை எழவில்லை. இடது கையால் வாங்கிக்கொண்டான். போட்டோவில் ஓரமாக நின்றான். ஊருக்குப் போகிற குட்டியானை வண்டியில் ஏறச் சொன்னார்கள். "வேல இருக்கு, நீங்க போங்க" என்று டவுன் பஸ் பிடித்தான்.

வீட்டுக்குள் நுழையும்போது அடுத்த தெருவில் வெடிச் சத்தம் கேட்டது. அம்மா சோற்றை எடுத்து வைத்தாள்.

"இன்னிக்கு எந்த ஊருக்குப் போட்ட?"

கவரை அவள் பக்கத்தில் வைத்தான்.

"வெளியூருதாம்மா" என்றான்.