இலையில் வைத்த நண்டுக்கறி

என் மகன் இறந்த எட்டாம் நாள், அவனுக்குப் பிடித்ததையெல்லாம் நானே சமைத்தேன். உதவிக்கு வந்த மச்சாளைக் குசினிக்குள் விடவில்லை. முருங்கையிலைச் சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, விளைமீன் குழம்பு, உழுந்து வடை. எட்டுச் செலவுக்கு, இறந்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதைத்தான் படைக்க வேண்டும். அது தாய்க்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பன்னிரண்டு வயதில் அவனுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. அதிலிருந்து கிணற்றடிக்குத் தனியே போகக் கூடாது, சைக்கிள் ஓடக் கூடாது, அறைக் கதவைப் பூட்டக் கூடாது. ஆஸ்பத்திரி டொக்டர் குளிசை தந்து, எதையும் சாப்பிடலாம் என்றார். நாட்டு மருந்து தரும் ஊர்ப் பரியாரியார் நண்டு, கணவாய், பலாப்பழம் ஆகாது என்றார். நான் படிப்பிக்கிறவள்தான். ஆனாலும் இருவர் சொன்னதையும் கேட்டேன். எங்கள் கோப்பாய் வீட்டுக்குள் அதன் பிறகு நண்டு வரவில்லை.

சண்டையால் பொருளாதாரத் தடை வந்ததும் குளிசைக்குத் தட்டுப்பாடு. அவனோடு படித்த கொழும்புத்துறைப் பெடியன் சனிக்கிழமைகளில் வந்து, அவனைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போவான். ஒவ்வொரு மருந்துக்கடையாக ஏறி இறங்குவார்கள். மகன் பின்னேரம்தான் வீடு திரும்புவான். வரிசையில் நின்று களைத்திருப்பான் என்று சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பேன்.

"பசிக்கேல்லை அம்மா," என்பான். நோயின் சோர்வு என்று நினைத்துக்கொள்வேன்.

குளிசை எங்குமே கிடைக்காத கிழமைகளும் வந்தன. அப்படி ஒரு காலை, தேநீரோடு அவனை எழுப்பப் போனேன். தலையணையில் முகம் புதைந்து கிடந்தான். உடம்பு குளிர்ந்திருந்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயது.

எட்டன்று பின்னேரம், இலை போடும் நேரத்தில் அந்தப் பெடியனின் தாய் வந்தார். கடற்றொழில் வீட்டுப் பெண், கத்தோலிக்கர். மகன் சைக்கிளை உழக்க, பின்னால் ஒரு சட்டியை மடியில் அணைத்தபடி வந்திருந்தார்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. எங்கடை வேதக்காரரிலை இந்தப் படையல் இல்லை. பிடிச்சதை வைப்பினமெண்டு மகன் சொன்னவன். அதுதான் நண்டு காய்ச்சிக் கொண்டந்தன்."

"அவன் நண்டு தின்னுறேல்லை."

"ஆர் சொன்னது? சனிக்கிழமையெண்டால் ரெண்டு பேரும் மத்தியானமே வந்து குந்தியிருப்பாங்கள். 'அன்ரி, கால் உடைச்சுத் தாங்கோ' எண்டு உங்கடை மகன் நிப்பான். 'உனக்கென்ன பல்லில்லையோடா கிழவா' எண்டு ஏசி ஏசித்தான் உடைச்சுக் குடுப்பன்."

சிரித்தபடியே அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகன் அந்தக் கைகளிடம் உரிமையோடு கேட்டு வாங்கித் தின்றிருக்கிறான், ஏச்சும் வாங்கியிருக்கிறான். விழுந்துவிடுவானோ என்ற பயத்தில் நான் அவனை ஒரு சொல் ஏசியதில்லை.

சட்டியைக் குசினியிலேயே விட்டுவிடப் பார்த்தேன். என் கணவர் கவனித்துவிட்டார்.

"கொண்டு வந்து வையும். அது அவன்ரை இலை, உம்மடை இலையில்லை."

அந்தப் பெண் ஒரு நண்டுக் காலை எடுத்து உடைக்கப் போனார். பறித்துக்கொண்டேன்.

"நான் உடைக்கிறன்."

"மூட்டிலை பிடிச்சு உடையுங்கோ, ரீச்சர். இல்லாட்டிச் சதை சிதறிப்போம்."

சிதறித்தான் போனது. ஓட்டுத் துண்டுகளோடு அள்ளி வைத்தேன். என் முருங்கையிலைச் சொதிக்குப் பக்கத்தில் அது சிவப்பாகக் கிடந்தது. அறை முழுக்க நண்டு வாசம்தான்.

படைத்ததும் கதவைச் சாத்தினோம். போனவர் வந்து சாப்பிடும்வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது. விறாந்தையில் நானும் அந்தப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

"உங்கடை வீட்டிலை அவனுக்கு வந்ததோ?" என்று கேட்டேன். வலிப்பு என்ற சொல்லை வெளியாட்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

"ஓம், ரெண்டு மூண்டு தரம். பயப்பிட ஒண்டுமில்லை, ரீச்சர். வரமுன்னம் சொல்லிப்போடுவான், 'அன்ரி, வருகுது' எண்டு. நான் பாயைப் போட்டுவிடுவன். சரிஞ்சு படுத்திடுவான்."

வருவது அவனுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. விழுகிற சத்தம் கேட்டுத்தான் நான் எப்போதும் ஓடியிருக்கிறேன். அந்தக் கடைசி நாளும் அவனுக்குத் தெரிந்திருக்குமா? நான் அடுத்த அறையில்தான் இருந்தேன்.

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

"அம்மா பயந்திடுவா எண்டு சொல்லுறவன்."

சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்:

"எப்பிடிச் சொல்லுவான்?"

"எதை?"

"வருகுது எண்டு. எப்பிடிச் சொல்லுவான்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, பஸ் வருகிறது என்று சொல்வதுபோல, சாதாரணமாக, அலுப்போடு, கடைசி எழுத்தைச் சற்று இழுத்துச் சொல்லிக் காட்டினார். "அன்ரி, வருகுதூ..."

என் மகன் கதைப்பதே அப்படித்தான். அது அவர் வாயில் இருந்தது. அந்த நேரம் அவர்மேல் எனக்கு வந்த பொறாமை இன்னும் அடங்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றேன்.