திம்மராயனின் நடுப்பார்வை

திம்மராயனின் ஊர் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டை ஒட்டி இருந்தது. ராகி அறுப்புக்கு நிற்கும் நேரம் பார்த்து யானைகள் இறங்கும். அடுத்தடுத்து இரண்டு அறுவடை அப்படிப் போனதும் அவன் விதைப்பதை விட்டான். மின்சார ஸ்கூட்டருக்கு பேட்டரி செய்யும் ஓசூர் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ஓர் அறை எடுத்து, மனைவி சுப்ரியாவைக் கூட்டி வந்தான்.

அவனை லேசர் வெல்டிங் மிஷினில் நிறுத்தினார்கள். பேட்டரி செல்களின் தலையோடு அலுமினியத் தகட்டை ஒட்ட வைக்கும் வேலை. கேஸ் கிடையாது, குச்சி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி மேலிருந்து இறங்கும், தகட்டில் பொட்டு வைத்தது போல ஒரு மினுக்கல் தெரியும், உலோகம் உருகி ஒட்டிவிடும். அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து சுப்ரியாவிடம் பெருமையாகச் சொல்வான்.

மிஷினைச் சுற்றி ஒரு கூண்டு உண்டு. அதன் கதவு மூடினால்தான் ஒளி வரும். மூடியதா என்று பார்க்கக் கதவோரம் ஒரு சென்சார்; கதவிலுள்ள காந்தம் எதிரே வந்தால் மூடியதாக எடுத்துக்கொள்ளும். ஷிப்ட் சூப்பர்வைசர் பரமசிவத்துக்கு அந்தக் கதவைக் கண்டாலே ஆகாது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"எலேய், இந்தக் கதவு ஏறி எறங்குற நேரத்துல இன்னொரு பேட்டரியப் போட்டுரலாம்லா. அந்தக் காந்தத்த எடுத்து சென்சார்ல ஒட்டு."

"சார், கதவு தொறந்தே இருக்குமேங்க சார்."

"அது மிஷினுக்குத் தெரியாதுல்லா. உனக்கும் தெரியாதுன்னு வச்சிக்கோ."

திம்மராயன் ஒட்டினான். லேசர் கண்ணில் படாமல் இருக்கப் போட்டுக்கொள்ளப் பச்சைக் கண்ணாடி ஒன்று இருக்கத்தான் செய்தது. பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட்டர்கள் வரும் நாளில் பரமசிவம் அதைத் தன் லாக்கரிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அவர்கள் கார் ஏறியதும் வாங்கித் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்.

ஒரு நாள் தகடு சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சரியாகத்தான் இருக்கிறதா என்று அவன் குனிந்து பார்த்தான். வலி இல்லை. வலது கண்ணுக்குள் யாரோ ஒரு விளக்கைத் தட்டி அணைத்தது போல இருந்தது, அவ்வளவுதான். பிறகு எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கறை வந்து உட்கார்ந்தது.

"தூசி விழுந்திருக்கும். மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார் பரமசிவம்.

கழுவினான். கறை போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டபோது பரமசிவம் அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். "ஆஸ்பத்திரியில விபத்துன்னு எழுதுவான். எழுதினா காண்ட்ராக்ட்காரன் உன்ன வெளிய தள்ளிருவான். பெர்மனென்ட் ஆக்குறதுக்கு உன் பேரத்தான் சொல்லி வச்சிருக்கேன். இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்கு?"

சுப்ரியா அப்போது கர்ப்பமாக இருந்தாள். அவளிடம் சொட்டு மருந்து போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அதே மிஷினில், திறந்த கதவின் முன்னால் போய் நின்றான்.

இடது கண் போனது மழைக்காலத்தில். அதேபோல வலியில்லாமல் போனது. நிமிர்ந்து பரமசிவத்தைக் கூப்பிட்டான். வந்தவரின் சட்டை தெரிந்தது, தலைமுடி தெரிந்தது, காதுகள் இரண்டும் தெரிந்தன. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம். அந்த மூட்டம் திட்டியது.

சுப்ரியாவே அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கிருந்த பெண் டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மிஷின்ல கண்ணாடி போடலியா?"

"அது லாக்கர்ல இருக்குங்க மேடம்."

டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். "பல்பு வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். லேசர் அப்படியில்ல. உள்ள அணுக்களுக்கு மின்சாரமோ வேற வெளிச்சமோ கொடுத்து உசுப்பி வச்சிருப்பாங்க. ஒரு ஒளித்துளி அதைத் தொட்டா, அச்சு அசலா அதே மாதிரி இன்னொரு துளி வெளிய வரும். ரெண்டும் ஒரே திசை, ஒரே தாளம். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மாறி மாறி ஓடிப் பெருகி, ஊசி மாதிரி வெளிய வரும். உங்க மிஷின்ல வர்றது கண்ணுக்குத் தெரியாத நிறம். தெரியாததால இமை மூடாது. நேரா உள்ள போயிடும். கண்ணுல இருக்கிற லென்ஸ் அதை இன்னும் கூர்மையாக்கி, விழித்திரையோட நடுப்புள்ளியில குத்திடும். விழித்திரைக்கு வலி தெரியாது."

திம்மராயன் பஸ்ஸின் பின்பக்கம் பார்த்த விளம்பரத்தை நினைத்துக்கொண்டான். "லேசர் வச்சே கண்ணுக்கு ஆபரேஷன் பண்றாங்களேங்க மேடம். அது வச்சு சரி பண்ண ஆவாதுங்களா?"

"அந்த விளம்பரத்துல வர்ற லேசர் கருவிழியோட மேல்பரப்ப மெல்லிசா சீவும், கண்ணாடி போடாம இருக்கிறதுக்கு. கிட்னிக் கல்ல உடைக்க ஒண்ணு இருக்கு, சதைய வெட்ட ஒண்ணு இருக்கு. சர்க்கரைக்காரங்களுக்கு நானே தினமும் விழித்திரையோட ஓரத்தைச் சுடுறேன், நடுவைக் காப்பாத்த. எல்லாம் சுடுறது, வெட்டுறது, ஒட்டுறதுதான். செத்துப்போன இடத்துக்கு உயிர் கொடுக்கிற லேசர் இல்லீங்க. உங்களுக்கு நடுவே போயிடுச்சு."

சுப்ரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கக் கம்பெனிக்குப் போனான். ஓரப்பார்வை நன்றாகவே இருந்ததால், வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளைச் சுற்றி யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தான். எச்.ஆர். அதிகாரி அதை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். எதிரில் நிற்க வைத்து, ஒன்றும் பேசாமல் தன் பேனாவைத் தரையில் உருட்டிவிட்டார். ஏதோ உருள்வது கண்ணோரம் பட, பெரியவர் ஒருவரின் பொருள் விழுந்ததே என்ற மரியாதையில் திம்மராயன் குனிந்து எடுத்து நீட்டினான்.

அறையே சிரித்தது.

"குருடனுக்குப் பேனா தெரியுது!" என்றார் அதிகாரி.

பிறகு மிஷினுக்கு மேலிருந்த கேமராவின் படத்தை ஓட்டினார்கள். அது அவனுக்குத் தெரியவில்லை. பரமசிவம் பக்கத்தில் நின்று வாயால் சொல்லிக் காட்டினார். "இந்தா, கையில காந்தம். இந்தா, ஒட்டுறான். ஏம்ல, யாரு ஒட்டச் சொன்னா உன்ன?"

"நீங்கதானேங்க சார் சொன்னீங்க."

"நான் இந்தப் படத்துல எங்க இருக்கேன்? காட்டு பாப்போம்."

பாதுகாப்பு விதியை மீறியதற்காக அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். அடையாள அட்டையை வாசல் காவலர் அவன் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டார். வழக்குப் போடலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு சுப்ரியா வக்கீல் ஒருவரைப் பார்த்தாள். வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

பிரசவத்துக்குத் தளியில் இருந்த சுப்ரியாவின் தாய்வீட்டுக்குப் போனார்கள். பெண் குழந்தை. சுப்ரியாவின் அண்ணன் வெங்கட் ரோஜாப் பண்ணை வைத்திருந்தான். வேலைக்குப் போகாத தங்கை புருஷன் பசுமைக்குடில்களின் நடுவே தடுமாறாமல் நடப்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிந்தது. "சோத்துக் கிண்ணம் மட்டும் கரெக்டா தெரியுது இவருக்கு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வான்.

பெயர் வைத்த அன்று வீடு நிறைய உறவு. வெங்கட் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியின் கைக்குழந்தையை வாங்கி வந்து திம்மராயனின் மடியில் வைத்தான்.

"உம் பொண்ணு, பிடி மாப்ளே. யார் மாதிரி இருக்கா, சொல்லு."

திம்மராயன் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்தான். நெற்றியில் முத்தமிட்டான். அன்று வைத்த பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டான். "எங்கம்மா மாதிரிதான். நெத்தியப் பாருங்க, எங்கம்மாவேதான்."

கூடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்கள் சந்தோஷத்தில் சிரிப்பதாக நினைத்து அவனும் சிரித்தான். உள்ளறையிலிருந்து சுப்ரியா தன் குழந்தையோடு வெளியே வந்து, அவன் மடியைப் பார்த்தாள். அதன் பிறகுதான் சிரிப்பு நின்றது. மடியிலிருந்த குழந்தையை எடுத்து அதன் தாயிடம் கொடுத்தாள். தன் குழந்தையை அந்த இடத்தில் வைத்தாள். அப்போதுதான் திம்மராயனுக்கு விஷயம் புரிந்தது. அடுத்த பஸ்ஸில் ஜூஜுவாடிக்குத் திரும்பினார்கள்.

அதோடு முடியவில்லை. வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் மின்னலாக வெட்டத் தொடங்கியது. லேசர் பட்டபோது உள்ளே கசிந்த ரத்தம் தழும்பாகிச் சுருங்கி இழுத்ததில் விழித்திரை ஓரத்தில் கிழிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். அப்படியே விட்டால் திரை மொத்தமும் கழன்று, மிச்சப் பார்வையும் போகும். கிழிசலைச் சுற்றி லேசரால் பொட்டுப் பொட்டாகச் சுட்டால், தழும்பு கட்டி ஒட்டிக்கொள்ளும்.

லேசர் என்ற சொல்லைக் கேட்டதும் திம்மராயன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "வேணாங்க மேடம். இருக்கிறது போதுங்க."

"அசையாம இருந்தா ஒண்ணும் ஆகாது. அசைஞ்சாத்தான் ஆபத்து."

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கண்மேல் ஒரு லென்ஸை வைத்தார்கள். தாடை ஒரு தாங்கியில். அவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தான். நர்ஸுக்கு அடங்கவில்லை. கடைசியில் சுப்ரியா பின்னால் வந்து, இரண்டு கைகளாலும் அவன் தலையைப் பிடித்து முன்னால் அழுத்திக்கொண்டு நின்றாள். பச்சை ஒளி வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் "விடு சுப்ரியா, விடு" என்று கெஞ்சினான். அவள் விடவில்லை. அழுதுகொண்டே அழுத்தினாள்.

கிழிசல் ஒட்டியது. மிச்சமிருந்த பார்வை தங்கியது. போன நடு திரும்பவில்லை.

இப்போது சுப்ரியா ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். குழந்தையை அவன் பார்த்துக்கொள்கிறான். டாக்டர் அவனுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார்: முகத்தை நேராகப் பார்க்காமல் காதுக்கு அப்பால் பார்த்தால், முகம் கண்ணோரத்தில் மங்கலாகத் தெரியும். அப்படித்தான் மகளை முதன்முதலாகப் பார்த்தான். குழிவிழும் கன்னம், ஒரு பல், ஒழுகும் மூக்கு.

ஆனால் பேசத் தொடங்கிய குழந்தைக்கு அது பிடிக்கவில்லை. அப்பா எப்போதும் சுவரையே பார்க்கிறார். மடியில் ஏறி நின்று, இரண்டு கைகளாலும் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். "என்னப் பாருப்பா!"

அவன் திரும்புவான். அவள் முகம் மறைந்துபோகும். மறைந்த இடத்தைப் பார்த்து, அவள் போதும் என்று சொல்லும்வரை சிரித்துக்கொண்டிருப்பான்.