ஆறின பிறகுதான் பயம்

தொலைபேசி அடித்தபோது நான் அஜக்ஸில் என் வீட்டு பேஸ்மென்ற்றில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நின்றேன். சனிக்கிழமை மத்தியானம். அந்த நேரத்தில் அடித்தால் அது தில்லையண்ணைதான். சொல்வதும் எப்போதும் ஒன்றுதான்: “ஆறீட்டுது, வா.” ஆகவே எடுத்த கையோடு, “என்ன அண்ணை, ஆறீட்டுதோ?” என்று கேட்டேன். மறுமுனையில் அவர் மனைவி மங்கையக்கா நின்றார். “ராசு, அண்ணை மோசம் போயிட்டார்” என்றார்.

காலையில் அடுப்பு வேலையை முடித்து, அண்டாப் போன்ற பெரிய கிடாரத்தைப் பின்வளவுப் பனிக்குள் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்திருக்கிறார். தேத்தண்ணி கேட்டிருக்கிறார். தேத்தண்ணி வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

மில்லிக்கனில் இருந்த தில்லையம்பலத்தை உங்களில் பலருக்குத் தெரியும். தபால் பிரிக்கிற வேலை. கோயில் பொங்கலுக்குக் கிடாரம் இரவல் தருகிறவர். கூட்டங்களில் கடைசி வரிசையில் இருந்து, எல்லாரும் கத்தி முடிந்த பிறகு ஒரு வசனம் சொல்கிறவர். எண்பத்து நாலில் நான் ஊரிலிருந்து ஒரு பையோடு இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது முதல் ஏழு மாதமும் என்னை வைத்துச் சோறு போட்டவர்கள் அவரும் மங்கையக்காவும். நினைவு மலருக்கு நீயும் எழுது என்று அக்கா சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். இதில் பிழை இருந்தால் அச்சகத்தின் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பியரைப் பற்றி எழுதலாமோ என்று அக்காவிடம் கேட்டேன். “செத்தவீட்டண்டு நான் சொன்னதை எல்லாரும் கேட்டிட்டினம். இனி என்ன, எழுது” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

என் பேஸ்மென்ற்றுக்கு வந்து குடித்துவிட்டு, “ராசு, உன்ர கை நல்ல கை” என்று என் தோளில் தட்டிப்போன பெரியவர்களே, அது என் கை இல்லை. என் கை வாளி கழுவின கை. பியரின் உயிர் எல்லாம் வோர்ட்டில் இருக்கிறது. முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்தெடுக்கிற இனிப்புத் தண்ணீருக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அதைக் காய்ச்சி ஆறவைத்து ஈஸ்ட் போட்டால், மிச்ச வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். அந்த வோர்ட் தில்லையண்ணையுடையது. வேலையிடத்தில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரிடம் பழகிக்கொண்டு வந்து, மங்கையக்காவின் அடுப்பில் செய்தது.

முதல் தரம் செய்தபோது நானும் அந்த வீட்டில் இருந்தேன். தன் பழைய வேட்டி ஒன்றைப் பைபோலத் தைத்து, அதற்குள் பார்லியைக் கட்டி, கிடாரத்து வெந்நீருக்குள் இறக்கினார். தண்ணீர் கொதிக்கவும் கூடாதாம், சும்மா சூடாக இருந்தாலும் போதாதாம். ஒரு மணித்தியாலம் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல வெப்பமானியோடு நின்றார். வீடு முழுக்க ஒடியல் கூழுக்கும் வெதுப்பிய பாணுக்கும் இடையிலான ஒரு வாசம். பையைத் தூக்கி வடியவிட்டு, மேலும் வெந்நீர் ஊற்றிக் கடைசி இனிப்பையும் கழுவி எடுத்து, பிறகுதான் கொதிக்கவைத்தார். கொதி கண்ட முதல் நிமிடத்தில் நுரை குபுக்கென்று எழும்பி அடுப்பெல்லாம் வழிந்தது. அக்கா ஓடிவந்து பார்த்தார்.

“வடக்காலை பொங்கியிருக்கு. நல்லதுதான்,” என்றார், பொங்கல் பானைக்குச் சொல்வதுபோல.

பிறகு அண்ணை ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டார். அக்கா ஒன்றை நசுக்கி மணந்துவிட்டு வேப்பம்பூவின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று தீர்ப்புச் சொன்னார். பூப் போடுவதற்கு முன்னமே ஒரு கோப்பையில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார். அதை ஊதி ஊதிக் குடித்தார்.

“இஞ்சேருங்கோ, இது பனையிலை இறக்கிற கருப்பநீர் மாதிரியெல்லோ இருக்கு!”

“அதைத்தானே நானும் சொல்லுறன். நல்ல சத்து.”

“இதுக்குள்ளை இனி என்ன போடுவியள்?”

“ஈஸ்ட்.”

“போட்டால்?”

தில்லையண்ணை பொய் சொல்லத் தெரியாதவர். “பியர்” என்றார்.

அக்கா கோப்பையை மேசையில் வைத்தார். கோயிலில் தேவாரம் பாடுகிறவர். எந்தக் கலியாண வீட்டிலும், “எங்கட வீட்டுக்குள்ளை உந்தச் சாமான் வாறேல்லை” என்று தலை நிமிர்த்திச் சொல்கிறவர். ஊரே அதை நம்பியது; அது உண்மையும்கூட. “கருப்பநீர் எண்டால் என்ர அடுப்பிலை வையுங்கோ. கள்ளு எண்டால் என்ர வாசலுக்கு வெளியிலை. ஈஸ்ட் இந்தப் படி தாண்டி உள்ளுக்கு வரக்கூடாது” என்றார்.

அண்ணை கிடாரத்தைப் பார்த்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. “நான் வீடு எடுத்தாப்பிறகு என்ர வீட்டுக்குக் கொண்டு வாங்கோ அண்ணை. எங்கட வீட்டுச் சாமி அவ்வளவு படிச்ச சாமி இல்லை” என்றேன். பகிடிக்குச் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். எனக்கு அஜக்ஸில் வீடு அமையும்வரை காத்திருந்தார். அன்றைய கிடாரத்தை அக்காவும் நானும் இரண்டு நாள் கசக்கக் கசக்கக் குடித்துத் தீர்த்தோம்.

அப்படித்தான் பியர் இரண்டு வீட்டுப் பிள்ளையாயிற்று. மில்லிக்கனில் வோர்ட் காய்ச்சுவார். பனியில் வைத்து ஆற்றுவார். பனி இல்லாத காலத்தில் குளிக்கிற தொட்டிக்குள் ஐஸ் நிரப்பி அதற்குள் வைப்பார். நான் போய் அவரையும் கிடாரத்தையும் ஏற்றிவந்து, என் பேஸ்மென்ற்றில் வாளியில் ஊற்றி ஈஸ்ட் போடுவோம். ஆறின வோர்ட்டில் அவருக்கு இருந்த பயம் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. “கொதிக்கேக்கை பயமில்லை, ராசு. அப்ப ஒண்டும் கிட்ட வராது. ஆறின பிறகுதான் பயம். காத்திலை போறது வாறது எல்லாம் வந்து விழும்” என்பார். மூடி திறக்கக் கூடாது. கிடாரத்துக்கு மேலே குனிந்து கதைக்கக் கூடாது. அஜக்ஸ் வந்து சேரும்வரை என் வாய்க்கும் மூடிதான்.

ஒருநாள் பனிப்புயலில் ரோட்டைப் பூட்டிவிட்டார்கள். கிடாரம் ஓர் இரவு அக்காவின் குசினியில் தங்கியது. அடுத்த நாள் ஏற்றிவந்து ஈஸ்ட் போட்டோம். ஒரு குமிழி இல்லை. புது ஈஸ்ட் போட்டோம். அதற்கும் இல்லை. தில்லையண்ணை வாளியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் மில்லிக்கனில் சாப்பிடும்போது அண்ணை இதைச் சொல்லிக் கவலைப்பட, அக்கா அகப்பையைக் கீழே வைத்தார்.

“நான்தான் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டனான்.”

“என்ன?”

“வெத்திலைக்கு வைச்ச சுண்ணாம்பு. கருப்பநீர் இறக்கிற முட்டிக்குத் தடவிறவையெல்லோ, கள்ளாகாமல் இருக்க? ராத்திரி என்ர வீட்டுக்குள்ளை தானாப் புளிச்சுப்போனால் நான் என்ன செய்யிறது?”

நான் சிரித்த சிரிப்பில் சோறு மூக்குக்குள் ஏறிவிட்டது. அண்ணை சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “மங்கை, நீர் பயந்தது சரி. வைச்சிருந்தால் தானாத்தான் மாறும். ஈஸ்ட் எங்கட பக்கற்றிலை மட்டும் இல்லை, காத்திலையும் இருக்கு. இனி ஆறின உடனே படி தாண்டிடும்” என்றார். அன்றிலிருந்துதான் அந்தச் சனிக்கிழமைத் தொலைபேசி வழக்கம். வோர்ட் ஆறுவதும் நான் புறப்படுவதும் ஒன்று.

இன்னொரு தரம், நானூற்றொன்று நெடுஞ்சாலையில் பொலிஸ் மறித்தது. பின் விளக்கு ஒன்று எரியவில்லையாம். அந்தப் பிள்ளை குனிந்து பார்த்தால், முன் ஆசனத்தில் ஒரு கிடாரம் துவாய் சுற்றி சீற் பெல்ற்றோடு இருக்கிறது. பின் ஆசனத்திலிருந்து ஒரு வயதுபோன மனிதர் கை நீட்டி மூடியைப் பிடித்தபடி இருக்கிறார். என்னவென்று கேட்டான். பார்லி சூப் என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில். பின்னாலிருந்து தில்லையண்ணை, “இல்லை சேர். இது பியராகப் போகிறது. ஆனால் இன்னும் பியர் இல்லை” என்றார். திறந்து காட்டச் சொன்னான். “திறந்தால் பழுதாகிவிடும் சேர். வேண்டுமென்றால் எங்களோடு வீட்டுக்கு வாருங்கள், அங்கே காட்டுகிறேன்” என்றார். எனக்கு இன்னும் அகதிக் கேஸ் முடியாத காலம். பொலிஸ்காரன் துவாய்க்கு மேலே மூக்கை வைத்து மணந்தான். தன் கையை எடுத்து மூடியின் மேல் மெல்லத் தட்டினான். விளக்கைத் திருத்தச் சொல்லிவிட்டுப் போனான். வீடு வந்த பிறகு, “சூப் எண்டால் என்ன, குடியே முழுகப்போகுது?” என்று அண்ணையைக் கேட்டேன். “அது என்னவோ அதைச் சொல்லவேணும், ராசு. சூப் எண்டு சொன்னால் அதுக்குத்தான் மரியாதை இல்லை” என்றார்.

இனி அந்தச் சனிக்கிழமை.

நான் போய்ச் சேர்ந்தபோது மில்லிக்கன் வீட்டு வாசலில் சப்பாத்துக் குவியல். படியில் கால் வைக்கும்போதுதான் சேர்ட் பையில் ஏதோ உறுத்தியது. ஈஸ்ட் பக்கற். வாளி கழுவும்போது போட்டது. திரும்பி நடந்துபோய்க் காருக்குள் வைத்துவிட்டு வந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே பிக்கறிங்கிலிருந்து வந்த மாமியின் ஆட்சி. அண்ணையின் தாய்மாமன் பெண்சாதி, முறைதலை எல்லாம் தெரிந்தவ. சாவு விழுந்த வீட்டில் காய்ச்சி வைத்தது எதுவும் இருக்கக்கூடாது என்று சோறு, கறி, பால், அண்ணை குடிக்காத தேத்தண்ணி எல்லாவற்றையும் கொட்டுவித்துக்கொண்டு நின்றா. குசினி வெறுமையான பிறகு பின்கதவுக் கண்ணாடியால் பார்த்தா. பனிக்குள் கிடாரம், துவாய் கட்டினபடி.

“உது என்ன பிள்ளை, உதுவும் காய்ச்சினதோ?”

அக்கா கோயில் ஆட்களுக்கு நடுவே நிலத்தில் இருந்தார். “ஓம் மாமி. இண்டைக்குக் காலமை” என்றார்.

“அப்ப கொட்டவேணும். தம்பி ராசு, வா, ஒருக்கால் பிடி.”

நான் அசையவில்லை. இத்தனை வருடமும் அந்தக் கிடாரம் அந்த வீட்டுக்குள் இருக்க அனுமதி பெற்றது அது வெறும் கருப்பநீர், சத்துள்ள சாப்பாடு என்ற ஒரே காரணத்தால். சாப்பாடென்றால் மாமி சொல்வது சரி. பனியில் ஊற்றத்தான் வேண்டும். ஊற்றாமல் விடுவதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. அதைச் சொல்ல வேண்டியது என் வாய் இல்லை. மாமி பின்கதவைத் திறந்து, குளிர் உள்ளே வர, என் பெயரை மறுபடி கூப்பிட்டா.

“மாமி, உதை விடுங்கோ” என்றார் அக்கா. “உது சாப்பாடு இல்லை.”

“அப்ப என்ன?”

“பியர்.”

கோயில் தலைவர் தன் முழங்காலைப் பார்த்தார். யாரோ இருமினார்கள். அக்கா குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. “அவர்தான் செய்யிறவர். இந்த அடுப்பிலைதான். ராசு, ஆறீட்டுது, கொண்டு போ.”

நான் கொண்டுபோனேன். முன் ஆசனத்தில் வைத்து பெல்ற் போட்டேன். மூடியைப் பிடிக்க ஆள் இல்லாததால் மெதுவாக ஓடினேன். பின்னால் வந்த லொறிக்காரன் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. அஜக்ஸில் வாளிக்கு மாற்றி ஈஸ்ட் போட்டுவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு மறுபடி மில்லிக்கனுக்குப் போனேன். அடுத்த நாள் காலையில் வாளி குமிழி விட்டது. அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. நல்ல வோர்ட், நேரத்துக்குப் போட்ட ஈஸ்ட்.

கிடாரத்தைக் கழுவி அக்காவிடம் கொடுத்துவிட்டேன்; பொங்கலுக்குக் கேட்பவர்கள் அங்கேயே கேளுங்கள். வேட்டிப் பையும் வெப்பமானியும் அங்கேதான். என்னிடம் மிஞ்சியது அவர் சொன்ன அந்த ஒரு வசனம்: ஆறின பிறகுதான் பயம். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்தும் அதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. செத்தவீட்டுக்கு நீங்கள் எல்லாரும் வந்தீர்கள், சோறு கொண்டுவந்தீர்கள், தேவாரம் பாடினீர்கள். அது கொதிக்கிற நேரம். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, சப்பாத்துகள் போய், அந்த வீடு ஆறும். மில்லிக்கன் பக்கம் போகிறவர்கள் அதற்குப் பிறகு போங்கள்.

பார்லி ஒரு மூடை மிச்சம் இருக்கிறதாம். வீணாக்கக் கூடாதென்று அக்கா போன கிழமை தானே காய்ச்சத் தொடங்கிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. போனேன். ஈஸ்ட் பக்கற்றைக் காருக்குள் வைத்துவிட்டுத்தான் படி ஏறினேன்.