கண்ணாடி அறையில் இஸ்ஸும் ஆரும்

என் கையெழுத்து கோணல்மாணலானது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமார் பொறுத்து வாசிக்க வேண்டும்.

பவர் ஹவுஸில் மூன்று டீசல் எஞ்சின்கள் இருந்தன. அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது, கையால்தான் கதைப்போம். கூச்சக்காரனான எனக்கு அது பெரிய வசதி. ஆனால் இடது காது மந்தமாயிற்று. "இனியும் அதுக்கை நிண்டால் மற்றக் காதும் போயிடும்" என்றார் டாக்குத்தர்.

மேலே கண்ணாடி அறையில் ஒப்பரேட்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அங்கே இரைச்சல் குறைவு. ஆனால் மணிக்கொரு தடவை எஞ்சினியருக்கு டெலிபோனில், இங்கிலீசில், நிலவரம் சொல்ல வேண்டும். "ஒரு மாதம் பாப்பம். சரிவராட்டித் திரும்பக் கீழைதான்" என்றார் போர்மன்.

என்னோடு வேலை செய்த, எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பிற்றர் இராசையா கன்ரீனில் எனக்கு இங்கிலீசு சொல்லித்தந்தான்.

"ஒண்டு ஓடினால் இஸ் ரன்னிங். கனக்க ஓடினால் ஆர் ரன்னிங். இதிலை என்ன கஷ்டம்?"

"ஒண்டெண்டாலும் ஓடுது, மூண்டெண்டாலும் ஓடுது எண்டுதானே மச்சான் நாங்கள் சொல்லுறம்?"

"எஞ்சினுக்கு அது விளங்கும். எஞ்சினியருக்கு வேலை நேரத்திலை தமிழ் விளங்காது!"

கன்ரீன் முழுவதும் சிரித்தது. கடைசியில் அவனே வழி கண்டுபிடித்தான். ஒன்றென்றால் கையைப் பொத்திக்கொண்டு 'இஸ்'. பலவென்றால் கையை விரித்து 'ஆர்'. என் ஊரான உரும்பிராயிலிருந்து சைக்கிளில் வரும்போதும் ஒற்றைக் கையால் அதே பயிற்சிதான். "சோறு போடட்டோ எண்டு கேட்டால் கையைப் பொத்திறியள், உங்களுக்கு என்ன பேய் பிடிச்சது?" என்று மனைவி ஏசினாள்.

மேலே போன மூன்றாம் வாரம், ஒரு பின்னேரம். டெலிபோனில் எஞ்சினியர். கண்ணாடிக்குக் கீழே இராசையா இரண்டு விரலைக் காட்டி, உள்ளங்கைகளைத் தேய்த்தான். இரண்டாம் எஞ்சினில், சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் சூடு! ரிசீவரை மேசையில் போட்டேன். லோட்டை இறக்கி, மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை விழுத்தி, நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். எஞ்சின் நின்றது.

ரிசீவருக்குள் எஞ்சினியர் கத்திக்கொண்டிருந்தார். எடுத்தேன். படித்த இங்கிலீசு மறந்துபோயிற்று. ஆனால் கை தானாகப் பொத்திக்கொண்டது.

"நம்பர் டூ இஸ் ஸ்டொப்ட், சேர்." கை விரிந்தது. "ஒன் அண்ட் திரீ ஆர் ரன்னிங்."

எஞ்சினியர் முதல் தடவையாகத் தமிழில் கேட்டார்:

"பெயரிங் தப்பினதோ?"

"ஓம் சேர்."

"அப்ப ஏன் காணும் பேசாமல் இருந்தனீர்?"

"ரண்டு கையும் வேண்டியிருந்தது, சேர்."

"இனி 'வெயிட்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வையும். என்ரை காதுதான் அடைச்சுப்போச்செண்டு நினைச்சன்."

மாத முடிவில் என்னை மேலேயே நிரந்தரமாக்கினார்கள். வலது காது தப்பியது. பேரப்பிள்ளையின் மழலையை அந்தக் காதால்தான் கேட்கிறேன்.

தம்பிமாரே, இங்கிலீசு விதிகளைப் பாடமாக்கினால் மட்டும் போதாது. நீங்கள் செய்யும் வேலையோடு சேர்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். யார் சிரித்தாலும் நிறுத்தாதீர்கள். பதற்றமான நேரத்தில் பழக்கம்தான் உதவிக்கு வரும்.

12.08.1979