வாங்கில் இருந்த கோல் கீப்பர்

மகளின் ஹாக்கிப் பை நாறவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

ஐஸ் ஹாக்கி விளையாடும் பிள்ளை உள்ள வீட்டுக்காரருக்குத் தெரியும், அந்தப் பை எப்படி நாறும் என்று. அதிலும் என் மகள் எங்கள் வட்டார ஜூனியர் அணியின் கோல் கீப்பர், தலை முதல் கால்வரை தடித்த காப்புகளைக் கட்டிக்கொண்டு நிற்பவள். ஆட்டம் முடிந்து வந்தால் எல்லாவற்றையும் குளியலறையில் விரித்துக் காயவிடுவோம். கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜில் உள்ள எங்கள் சின்ன அபார்ட்மென்ட் முழுக்கப் புளித்த வேர்வை மணக்கும். கிறிஸ்மஸ் கழிந்த பிறகு ஒரு சனிக்கிழமை பையைத் திறந்தேன். பனியன் காய்ந்து கிடந்தது. கையுறைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். அதிலும் ஈரமில்லை.

"இண்டைக்கு விளையாடினனீயோ?"

"ஓம் அம்மா."

"எத்தனை கோல் விட்டனீ?"

"ரெண்டு." கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

சனிக்கிழமைகளில் எனக்குப் புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலை, கணவருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. மகளை ஆட்டங்களுக்குக் கூட்டிப்போவது அணியின் மற்றக் கோல் கீப்பரின் தகப்பன். நல்ல மனிதர், கியூபெக்காரர், எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பே எனக்கு இடித்தது. பயிற்சியாளரும் அவரும் ஒன்றாக நின்று கோப்பி குடிப்பதை ஹாக்கிப் பருவத் தொடக்கத்தில் பார்த்திருந்தேன். தன் மகளை ஆடவிட்டு, என் மகளை ஓரத்து வாங்குப் பலகையில் இருத்தச் சொல்லியிருப்பாரோ? இவள் கறுப்புத்தோல்காரி என்றபடியாலோ?

"உமக்கு எல்லாரிலையும் சந்தேகம்," என்றார் கணவர்.

அடுத்த சனிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்து அரீனாவுக்குப் போனேன். சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டு எதிரணிப் பெற்றோருக்குள் போய் உட்கார்ந்தேன். நினைத்தது சரி. மகள் வாங்கின் ஓரத்தில் தொப்பியோடு இருந்தாள். பிள்ளைகள் பனித்தளத்துக்குள் இறங்கவும் ஏறவும் சின்னக் கதவைத் திறந்து மூடுவதுதான் அவளுடைய வேலை. மற்றப் பிள்ளை கோல்மேல் கோல் விட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பகுதியில் அந்தப் பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். பயிற்சியாளர் என் மகளிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். அவர் திரும்பவும் கேட்டார். அவள் திரும்பவும் ஆட்டினாள். விழுந்த பிள்ளை நொண்டிக்கொண்டே எழுந்து நின்றாள்.

அவர் இவளைத் தடுக்கவில்லை, இவள்தான் மறுக்கிறாள். அப்படி மறுக்கும் அளவுக்கு இவளை யார் என்ன செய்தார்கள்?

ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறை வாசலில் பயிற்சியாளரை மறித்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கோபத்தில் பாதியாகிவிட்டது, என் பிள்ளை ஏன் இறங்குவதில்லை என்று மிச்சத்தை ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி, "அதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும். சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்," என்றார்.

"வாக்கா? என் பிள்ளைக்கும் உங்களுக்கும் என்ன வாக்கு?" நான் போட்ட சத்தத்தில் பெற்றோர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் ஓடி வந்தாள். "அம்மா, கத்தாதேங்கோ! அவர் ஒண்டும் செய்யேல்லை."

என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய், பனி குவித்திருந்த கார் தரிப்பிடத்தில் வைத்துச் சொன்னாள். கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்பு ஒரு பயிற்சியில், பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு அவளுடைய தொண்டையில் பட்டிருக்கிறது. காப்பு இருந்தும் கொஞ்ச நேரம் மூச்சு வரவில்லை. காயம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது வட்டை அடிக்க மட்டையை ஓங்கினாலே கண் தானாக மூடிக்கொள்கிறது.

"கண்ணை மூடிக்கொண்டு கோலுக்கை நிண்டு என்ன செய்ய? உங்களுக்குச் சொன்னா நிப்பாட்டிப்போடுவியள். அவர், 'பரவாயில்லை, வாங்கிலை இரு, பயம் போகட்டும், ஆனா அம்மாவுக்கு நீயே சொல்லவேணும்' எண்டவர். நான்தான் சொல்லேல்லை."

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். தொண்டையைத் தடவிப் பார்த்தேன். பிறகு திரும்பிப் போய்ப் பயிற்சியாளரிடம், இனி என் பிள்ளைக்கு அடிபட்டால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டே வந்தேன். அவர் சரி என்றார்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில், தோல்வி உறுதியான பிறகு, அவளே எழுந்து உள்ளே போனாள். சில கோல்கள் விட்டாள். ஒரு வட்டைக் கையுறையால் அள்ளிப் பிடித்தாள். மற்றக் கோல் கீப்பரின் தகப்பன் என் பக்கத்தில் நின்று விசிலடித்தார்.

பயிற்சியாளர் நல்ல மனிதர்தான் என்று கணவர் சொல்கிறார். இருக்கலாம். நான் சனிக்கிழமை வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது ஒவ்வோர் ஆட்டத்திலும் வாங்குக்கு நேர் பின்னால், கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன்.