தரையில் இறங்காத முட்டை சாயபு

வாசற்படியின் மேல்படியில் நின்று, சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைத் தன் பக்கம் இழுத்து, வலது காலைக் கம்பிக்கு மேலாக நீட்டி, சீட்டில் உட்கார்ந்துவிட்டார் சாகுல் ஹமீது. உட்கார்ந்ததும் மணியை அடித்தார். தெருவில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் ஒதுங்கி வழிவிட்டன. முட்டை வியாபாரியானதால் அவரிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டன என்று எனக்குப் பட்டது.

அந்தச் சைக்கிள், சீமைக்குத் திரும்பிப் போன நெட்டைப் பாதிரியார் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. சாகுல் ஹமீதோ நல்ல குள்ளம். பெடல் கீழே போகும்போது அவருடைய கால் அதற்கு எட்டாது. போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார். அது சுற்றி மேலே வந்ததும் பெருவிரலால் மறுபடி பிடித்து மிதிப்பார். சீட்டைத் தாழ்த்தி வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"தாழ்த்தலாம் சார். தாழ்த்திட்டா பொறவு மலையா தெரியும்? வேலிதான் தெரியும்."

இந்த உயரத்தினால் ஒரு சங்கடம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அவருக்கு ஒரு மேடு வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையடிவாரமாகவே கூமாப்பட்டிக்குப் போகும் சாலையில் உள்ள மைல்கற்கள்தாம் அவருடைய கடைகள். கல்லின் தலையில் ஒரு காலை ஊன்றுவார். சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். முட்டையோடு காத்திருக்கும் பெண்கள் பின்னால் கட்டிய கூடையில், உமிக்குள் ஒவ்வொன்றாகப் பதித்து வைப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் யார் கூப்பிட்டாலும் நிற்பதில்லை. "கல்லுக்கு வாங்க ஆத்தா, கல்லுக்கு!" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார். இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவது அவருக்கு மானக்கேடு. "உருட்டிக்கிட்டுப் போறதுக்கு எதுக்கு சார் சைக்கிளு? கழுதை ஒண்ணு வாங்கியிருப்பேனே!"

கார்த்திகை மாதம் ஒரு காலையில், வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு நானும் அவரோடு கிளம்பினேன். அந்த வருஷம் மழை கஞ்சத்தனம் பார்க்காமல் பெய்திருந்தது. ஊரைத் தாண்டியதும் சாலை கண்மாய்க் கரைமேல் ஏறியது. இடப்பக்கம் கரை முட்டத் தண்ணீர், அதற்கு அப்பால் மலை, தண்ணீருக்குள்ளேயும் தலைகீழாக அதே மலை. வலப்பக்கம் பள்ளத்தில் பச்சை நெல்லும் தென்னந்தோப்பும். ஒரு கண்மாய் முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது. முக்குளிப்பான் பறவைகள் எங்கள் மணிச் சத்தத்துக்குத் தண்ணீருக்குள் மறைந்து, எதிர்பாராத இடத்தில் தலை நீட்டின.

சாகுல் ஹமீது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். "அந்தா, மேல பாத்தீங்களா சார், வெள்ளையா ஒரு கோடு? அருவி. மழை நின்னு போச்சு, ஆனா அவிய இன்னும் நிக்கல." அருவிக்கும் அவர் மரியாதை கொடுப்பவர். ஓரிடத்தில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து, முழங்காலளவுத் தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் பிரேக்கைப் பிடித்தேன். அவர் "பிஸ்மில்லா!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கால்களையும் ஹாண்டில்பார் வரைக்கும் தூக்கிக்கொண்டு, நேரே தண்ணீருக்குள் விட்டுவிட்டார். இரண்டு பக்கமும் தண்ணீர் சிறகு விரித்தது. அக்கரையில் போய் விழப்போகும் நேரத்தில் பெடலைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு போனார். நானும் அதேபோல் விட்டுப் பார்த்தேன். இடுப்பு வரை நனைந்தேன். அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்று! அன்றைக்கு ரொம்பவும் சந்தோஷமாக இருந்தது.

"இம்புட்டையும் ஒத்தையில பாத்துக்கிட்டுப் போறது பாவம் சார்" என்றார், நான் வேட்டியைப் பிழியும்போது என்னைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டே.

சீட்டில் இருக்கும்போதுதான் இந்தப் பேச்செல்லாம். தரையில் நிற்கும் சாகுல் ஹமீது வேறு மனிதர். ராஜபாளையத்தில் அவருடைய அக்கா ஹாஜராவின் கடையில்தான் முட்டை விற்பனை. அங்கே அவரைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் யாராவது வந்து "நாட்டுக் கோழி முட்டையா?" என்று கேட்டுவிட்டால் போதும், காது சிவந்து, கூடைக்குப் பின்னால் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். அக்காதான் பதில் சொல்லுவாள். நாற்பது வயதுவரை கல்யாணம் ஆகாததற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கூமாப்பட்டியில் கூடை நிரம்பிவிட்டது. திரும்பும் வழியில் அவருடைய பேச்சு குறைந்தது. முட்டைக்காக ஜாக்கிரதையாக ஓட்டுகிறார் என்று நினைத்தேன். ஒரு மைல்கல்லில் கால் ஊன்றி நின்று, என் முகத்தைப் பாராமல் விஷயத்தைச் சொன்னார்.

கான்சாபுரத்துக்கு வெளியே, கரை இறங்கும் இடத்தில் மாஜிதா என்று ஓர் அம்மாள். கணவர் தவறி மூன்று வருஷம் ஆகிறது. தனியாகக் கோழி வளர்க்கிறாள். அவள் வீடு இரண்டு மைல்கற்களுக்கு நட்டநடுவில். அவள் கல்லுக்கு வருகிறவள் இல்லை, முட்டைகளைப் பக்கத்து வீட்டுப் பாலம்மாளிடம் கொடுத்தனுப்பிவிடுவாள். அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அக்காவைத் தூது அனுப்பியிருக்கிறார். அவளுடைய அண்ணன், "அவ சம்மதம்தான் எங்க சம்மதம்" என்றிருக்கிறார். மாஜிதாவோ, "கேக்க வேண்டியவர் எம் முன்னால தரையில நின்னு கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரியாவிட்டால் அண்ணன் அவளை வ. புதுப்பட்டிக்குத் தன் வீட்டோடு அழைத்துப் போய்விடுவார். நாங்கள் போனது வியாழக்கிழமை.

"நீங்க கூட இருக்கீங்கள்ல சார், அந்தத் தைரியத்துல இன்னைக்குக் கேட்டுப்புடுதேன்" என்றார். என் தைரியத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வீட்டின் முன்னால் ஒரு புளியமரம். அதைச் சுற்றிச் சாலை சற்று அகன்று கிடந்தது. மாஜிதா வாசலில் கோழிகளுக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள். நெடிய உருவம். நான் வேலியோரமாக ஒதுங்கி நின்றேன். சாகுல் ஹமீது நிற்கவில்லை, மரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்றுக்கு ஒரு பேச்சு.

"சௌக்கியமா?"

"சௌக்கியந்தான்."

மரத்துக்குப் பின்னால் போய் மறுபடி வந்தார். "கோழியெல்லாம் நல்லாருக்கா?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் மேயுது."

இன்னொரு சுற்று. "கண்மாய் பெருகிருச்சு, பாத்தீகளா?"

"வீட்டுக்குப் பின்னாலதான கெடக்கு. தெனம் பாக்கேன்."

பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தலை சுற்றியது. நான்காவது சுற்றில், "அக்கா வந்து சொன்னாகள்ல..." என்று தொடங்கினார். அதற்குள் சைக்கிள் அவரை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டது. முக்கியமான பாக்கியைப் புளியமரம்தான் கேட்டது.

அவர் இந்தப் பக்கம் வந்தபோது மாஜிதா சாலையோரத்தில் நின்றாள். "புளியமரத்துகிட்ட எதுக்குச் சொல்லுதீக, யாவாரி? இறங்கி நின்னு எங்கிட்டச் சொல்லுங்க."

"இங்கன கல்லு இல்லியே!" என்றார் பரிதாபமாக.

"கல்லையா கட்டிக்கிடப் போறீக?"

அவர் இன்னொரு சுற்றுப் போனார். நேரே சாலையைப் பிடித்து ஊருக்குப் போய்விடுவாரோ என்று நானும் என் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அவர் முகத்தில் மறுகாலைக் கண்டபோது இருந்த துணிச்சலில் துளியும் இல்லை. ஆனாலும் திரும்பி வந்தார். அந்த அம்மாளுக்கு நேராக வந்ததும், கண்ணை மூடிக்கொண்டு, வலது காலைக் கம்பிக்கு மேலாகத் தூக்கி இந்தப் பக்கம் போட்டு, குதித்துவிட்டார்.

அவர் இந்தப் பக்கம் விழுந்து எழுந்தார். சைக்கிள் அந்தப் பக்கம் சாய்ந்தது. கூடை நிறைய முட்டை! நான் "ஐயோ" என்று கத்தியதுதான் மிச்சம். மாஜிதா பாய்ந்து ஒரு கையால் ஹாண்டில்பாரையும் மறு கையால் கூடையையும் பிடித்துக்கொண்டாள். உமிக்குள் முட்டைகள் உருண்டு அடங்கின. ஒன்றிரண்டு விரிசல் விட்டிருக்கலாம், யாரும் பார்க்கவில்லை.

சாகுல் ஹமீது தரையில் நின்றார். மாஜிதாவின் தோள் உயரந்தான் இருந்தார். அவள் அவரைக் குனிந்து பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தைகூட வரவில்லை. காது சிவந்தது, நெற்றி வியர்த்தது. தேடுவது போலப் பாவனை செய்ய அங்கே ஒன்றும் இல்லை. சீட்டை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். ஆனால் ஓடவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. இரண்டு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

மாஜிதா மண்ணில் ஊன்றிய அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு, "சரி, கேட்டாச்சு. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

சாகுல் ஹமீது சைக்கிளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கண்மாய்ப் பக்கமிருந்து பலமாக ஒரு காற்று அடித்தது. அவள் முக்காடு தலையிலிருந்து நழுவித் தோளில் விழுந்தது. அதை இழுத்துவிட்டுக்கொள்ள ஒரு கை போதும். மாஜிதா ஹாண்டில்பாரிலிருந்தோ கூடையிலிருந்தோ எந்தக் கையையும் எடுக்கவில்லை.