மிஷின் அறுத்த பலகையும் கொத்தனார் கட்டிய சுவரும்

மரவேலை என்பது, நேராக இல்லாத ஒரு வீட்டுக்குள் நேரான ஒரு பொருளை நிறுத்திவிட்டு, வீடும் நேர்தான் என்று வீட்டுக்காரரை நம்ப வைத்துவிட்டு வருகிற தொழில். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நான் பரம்பரை ஆசாரி இல்லை. ஆவடியில் ஒரு மரவாடியில் ராக்காவல் இருந்த காலத்தில், தூக்கமும் வராமல் சும்மாவும் இருக்க முடியாமல், துண்டுக் கட்டைகளை வைத்து நானாகக் கற்றுக்கொண்டேன். முதலில் செய்த ஸ்டூலுக்கு நாலு கால். நாலும் நாலு உயரம். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் சமையலறை அலமாரி செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறேன். உங்கள் வேலைக்கும் ஏதாவது ஒரு மிஷின் வந்திருக்கும், இல்லையென்றால் லாரியில் ஏறியிருக்கும். அதனால் உங்களிடம் கூச்சப்படாமல் சொல்லலாம்.

நசுங்காத எலுமிச்சம்பழம்

கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் போதும். தானே பலகையை இழுத்து, தானே அறுத்து, தானே துளை போட்டு, ஓரப்பட்டையும் ஒட்டி வெளியே தள்ளும். அப்படி ஒரு மிஷின் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. முதலாளி மாலை போட்டார், குங்குமம் வைத்தார், பூசணிக்காய் உடைத்தார். எலுமிச்சம்பழத்தில்தான் குழப்பம். வண்டியாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம். இதற்குச் சக்கரமே இல்லை. கடைசியில் ரம்பம் போய்வரும் பாதையில் இரண்டு பழத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினார். ரம்பம் சர்ரென்று வந்தது, பழத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது, சிவப்பு விளக்கைப் போட்டது. வழியில் ஏதோ இருக்கிறதாம், எடுத்தால்தான் நகருமாம்.

பழத்தை எடுத்த கையோடு முதலாளி விஷயத்தைச் சொன்னார். இனி அலமாரி எல்லாம் இங்கேயே பெட்டி பெட்டியாகத் தயாராகி வீட்டுக்குப் போகும். ஸ்க்ரூ முடுக்கத் தெரிந்த இரண்டு பேர் போதும். ஒரு வீட்டில் சோதித்துப் பார்ப்போம். சரியாக வந்துவிட்டால், வீடு வீடாகப் போய்ப் பொருத்துகிற எங்கள் ஆறு பேருக்கும் வேலை இல்லை. இதை அவர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார், பாவம். என் பக்கத்தில் நின்றிருந்த காதர் பாய்க்குப் பூந்தமல்லி சொந்த ஊர், வயது ஐம்பத்திரண்டு, எங்கள் ஆறு பேரில் மூத்தவர். அவர் என் காதோரம் குனிந்தார்.

“பழத்த நசுக்கல பாத்தியா நைனா? அது ஆளப் பாத்துதான் நசுக்கும் போலக் கீது.”

ரம்பத்துக்குப் போட்ட இலை

மிஷினுக்கு ராத்திரி ஷிஃப்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. எப்படியும் தூங்காதவன் என்று என்னைப் போட்டார்கள். ஆக, என் வேலையைப் பறிக்கப்போகிற மிஷினுக்குப் பலகை ஊட்டுகிற வேலையும் எனக்கே. சொல்லிக்கொடுக்க வந்தவர் நிவேதா, திருநெல்வேலியிலிருந்து வந்த இன்ஜினியர். ஒரே சாயங்காலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கையால் அறுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரம்பம் போகிற வழியில் கொஞ்சம் மரத்தூளாகிவிடும் அல்லவா, அதற்காக அளவில் ஒரு நூல் கூட்டிக் கோடு போடுவோம். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். இதை யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்துவிடும். அன்று என் கை கம்ப்யூட்டரிலும் அதையே செய்தது. விடிந்து பார்த்தால் நாற்பது பலகை, பளபளவென்று, ஓரம் கண்ணாடி மாதிரி. நாற்பதும் மூன்று மில்லிமீட்டர் பெரிசு. ஒன்றும் ஒன்றுக்குள் நுழையவில்லை. ரம்பத்தின் சேதாரத்தை மிஷின் தானே கழித்துக்கொள்ளும் என்று நிவேதா சொன்னபோதும் நான் தலையாட்டித்தான் இருந்திருக்கிறேன். நாற்பதையும் சேர்த்துச் சின்ன அலமாரிகளாக மாற்ற இரண்டு நாள் ஆனது. நிவேதா திட்டவில்லை. ஒரு பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணே, அது ஏற்கனவே சாப்பிட்டுட்டுத்தான் உக்காந்திருக்கு. நீங்க மறுபடியும் இலை போட்டுட்டீங்க.”

பாய் கேட்ட உதவி

சோதனைக்கு அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த ஒரு ஃபிளாட் முடிவானது. பெட்டி இறக்குகிறவர்கள் இரண்டு பேரே பொருத்த வேண்டும். ஆசாரி யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஒரே நாளில் முடிந்தால், மாசக் கடைசியோடு எங்கள் கணக்கு தீர்ந்தது. அந்த வீட்டுப் பலகையை அறுக்கும் முறை என்னுடையதாக வந்தது.

ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் காதர் பாய் என் வீட்டுக்கே வந்துவிட்டார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். “ஒரே ஒரு பலக, ஒரே ஒரு நூல். போன தபா தெரியாம பண்ணே, இந்த தபா தெரிஞ்சி பண்ணு. எவன் கேக்கப் போறான்? இந்த வயசுல நான் எங்க போயி நிக்கறது?” அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் மிஷின் முன்னால் போய் நின்றதும் கை வரவில்லை. நான் அறுத்து அனுப்பிய கதவு ஒரு வீட்டில் இடித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தாலே எனக்கு மிச்சமிருக்கிற தூக்கமும் போய்விடும். ஒவ்வொரு பலகையையும் இரண்டு முறை அளந்து அனுப்பினேன். என் ஆயுசில் அவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை. அதைச் செய்தது நானா மிஷினா என்றும் தெரியவில்லை. மறுநாள் பாயிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்பதுதான் உறுத்தியது.

“உனக்கு மண்டைல கோளாறு மாமே. உன் கய்த்துக்கு நீயே கத்தி சாண புடிச்சிக் குடுத்துகினு வந்துக்கீறே.”

அயனம்பாக்கத்துச் சுவர்

பகல் இரண்டு மணி எனக்கு நடுராத்திரி. முதலாளி போன் செய்தார். “பையை எடுத்துகிட்டு அயனம்பாக்கம் வா.” போனேன். பெட்டிகள் அத்தனையும் அளவு பிசகாமல் உட்கார்ந்திருந்தன. கதவெல்லாம் விரலால் தொட்டாலே மூடின. பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, எங்கள் ஆறு பேர் கணக்கும் தீர்ந்த மாதிரி இருந்தது. பிரச்சினை ஒரு மூலையில். சுவரை ஒட்டி நிற்க வேண்டிய உயரமான அலமாரி, மேலே சுவரைத் தொட்டது. கீழே வரவர விலகி, தரையில் ஆறு நூல் இடைவெளி. நடுவில் சுவருக்கு ஒரு தொப்பை வேறு. சுவர் ஓரத்துக்கென்று மிஷின் அறுத்துக் கொடுத்த பட்டை குச்சி மாதிரி நேராக இருந்தது. நேராக இருந்ததுதான் அதன் குற்றம். வந்த இரண்டு பேரும் அரை டியூப் பசையை அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது பல்லில் ஒட்டிய சோறு மாதிரி தெரிந்தது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்தேன். புதுப் பட்டை ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, வாஷர் ஓட்டைக்குள் பென்சிலை விட்டு, சுவரைத் தொட்டபடி மேலிருந்து கீழே உருட்டினேன். சுவரின் தொப்பை, சரிவு, பூச்சு வேலையில் கொத்தனார் விட்ட மேடு பள்ளம் எல்லாம் அப்படியே பட்டையில் கோடாக விழுந்தன. அந்தக் கோட்டில் இழைப்புளியால் சீவிச் சீவி நிறுத்தினேன். ஒரு காகிதம் நுழைய இடமில்லை. எனக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மரவாடியில் வளைந்த கட்டைகளோடு மல்லுக்கட்டி நானே கண்டுபிடித்தேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உலகத்து ஆசாரிகள் எல்லாம் செய்வதுதான் என்று பிறகு தெரிந்தபோதும் பெருமை குறையவில்லை. வீட்டுக்காரர் ஐடி கம்பெனியில் இருக்கிறார், மதுரைக்காரர். லேப்டாப்பை மூடிவிட்டு முழுசாக நின்று பார்த்தார். அந்த இடுக்கில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போடும்போது பெருமூச்சு விட்டுக்கொண்டே சொன்னார்:

“உங்களுக்காச்சும் சுவரு கோணலா இருக்குண்ணே. எங்க வேலையில அதுவும் இல்ல.”

முதலாளியின் தீர்ப்பு

திங்கட்கிழமை முதலாளி எங்களைக் கூப்பிட்டார். ஆறில் நாலு பேர் இருக்கலாம் என்றார். இனி ஒவ்வொரு வீட்டிலும் பெட்டிகளை இறக்குகிறவர்களே வைப்பார்கள், சுவரோரத்தை நாங்கள் முடிப்போம். அந்த நாலில் காதர் பாயும் நானும் இருக்கிறோம். ஒருவர் ஓசூருக்குப் போனார், ஒருவர் ஆட்டோ எடுத்தார். இரண்டு பேருமே நல்ல கை. அன்று யாரும் டீ குடிக்கப் போகவில்லை. “நாலு பேரும் நிரந்தரம்தானே சார்?” என்று பாய்தான் கேட்டார். முதலாளி ஜன்னல் வழியே எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தைக் கையால் காட்டினார்.

“கொத்தனாருக்கு மிஷின் வர்ற வரைக்கும் உங்க வேலைக்கு நான் கேரன்டி.”

ஆகவே, என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, மிஷின் தப்பே பண்ணாது என்று எந்தக் கோயிலிலும் நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்; அதன் பெட்டி போய்ச் சேருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு மனுஷன் போய்ச் சுவர் கட்டியிருப்பான் என்கிற நம்பிக்கையில்தான் தினமும் பையைத் தோளில் மாட்டுகிறேன்.